என் கணினியில் ஓடுவது என்ன என்று கேட்டால் பைத்தியமா?

பக்கங்களில் வரும் ஜாவாஸ்கிரிப்டைச் சலித்து நிறுத்தும் லிப்ரேஜேஎஸ் என்ற பிரௌசர் நீட்சியைக் கிண்டலடித்து நம்மாட்கள் பகிர்ந்த அந்த ஸ்கிரீன்ஷாட் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெள்ளையாக ஒரு பக்கம், மேலே "லிப்ரேஜேஎஸ் போட்டவன் பார்க்கும் இன்டர்நெட்", கீழே வரிசையாக ஹாஹா. அதில் ஒரு ஹாஹா, உபுண்டு லினக்ஸ் பூட் ஆகவில்லை என்று நடுராத்திரி எனக்கு ஃபோன் போட்டு எழுப்பியவருடையது. சரி, சிரியுங்கள்.

விஷயம் தெரிந்து சிரியுங்கள் என்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு புரோகிராம். பக்கத்தைத் திறந்ததும் உங்கள் கணினியில் இறங்கி, உங்கள் கணினியில்தான் ஓடுகிறது. விண்டோஸ் வேண்டாம் என்று வீராப்பாக லினக்ஸுக்கு வந்த நம்மாட்கள், பிரௌசருக்குள் மட்டும் யார் எழுதியது, என்ன உரிமம் என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஓடவிடுகிறார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் இதை 2009-லேயே எழுதிவிட்டார். அவர் தொடங்கிய குனு திட்டத்தின் லிப்ரேஜேஎஸ் செய்வதும் இந்த ஒரு வேலைதான்: அற்பமான ஸ்கிரிப்டுகளை விட்டுவிடும், மற்றவற்றில் கட்டற்ற உரிமம், அதாவது யாரும் பயன்படுத்த, படிக்க, மாற்ற, பகிர அனுமதி, குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் நிறுத்திவிடும். என் கணினி, என் கேள்வி. இதில் பைத்தியம் எங்கே வந்தது?

"அதுக்குத்தான் நோஸ்கிரிப்ட் இருக்கே" என்பார்கள். அதுவும் ஸ்கிரிப்டைத் தடுக்கும் நீட்சிதான், ஆனால் எந்தத் தளத்தை நம்புவது என்று கேட்கும். லிப்ரேஜேஎஸ் எந்த உரிமம் என்று கேட்கும். இரண்டும் வேறு. "கட்டற்ற ஸ்கிரிப்டையே சில சமயம் தடுக்குதே?" தடுக்கும்தான், தளக்காரர் உரிமத்தை அதற்குப் புரிகிற மாதிரி குறிக்காவிட்டால். ஸ்கிரிப்டின் தலையில் ஒரு கமென்ட் வரி, காலில் ஒரு வரி. அதற்குக்கூட சோம்பல், பழி மட்டும் எங்கள் மேல். பாங்க் வேலைக்கு வேறு பிரௌசர் வைத்திருக்கிறேன், போதுமா?

எரிச்சலைக் கிளப்புவது இன்னொன்று. "நீ என்ன, எல்லா கோடையும் உட்கார்ந்து படிக்கவா போறே?" மொத்த நிரலையும் ஒரே வரியாக நசுக்கி, மாறிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்து அனுப்புவார்களாம். படிக்கவில்லையே என்று என்னைக் கேட்பார்களாம்! வீட்டுப் பத்திரத்தை வரிவரியாகப் படிப்பவர்கள் குறைவுதான். அதற்காகப் பத்திரத்தையே காட்ட மாட்டேன் என்றால் கையெழுத்துப் போடுவீர்களா? நான் படிக்காவிட்டாலும் படிக்கத் தெரிந்த யாரோ படிப்பார், தப்பு இருந்தால் சொல்வார். அதற்கு உரிமை வேண்டும். ஐயா, அவ்வளவுதான் கேட்கிறேன்.

போன அட்மிஷன் சீசனில் அத்தை மகளுக்கு ஒரு கல்லூரி விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. என் லேப்டாப்பில் திறந்தால் வெள்ளைப் பக்கம். அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஏம்ப்பா, இவ்வளவு படிச்சும் ஒரு ஃபாரம் தொறக்கத் தெரியலையா?" என்றார். கடைசியில் அவர் ஃபோனில் திறந்து பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, மார்க், ஃபோன் நம்பர். நாலே நாலு கட்டம்! ஸ்கிரிப்டே இல்லாமல், வெறும் ஹெச்டிஎம்எல்லில் முடிகிற காரியம். இதற்கு எதற்கு அத்தனை ஸ்கிரிப்ட்? பதினேழு வயசுப் பிள்ளையின் ஃபோன் நம்பரைத் தட்டும்போது பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று அந்தக் கல்லூரிக்காவது தெரியுமா? இதைக் கேட்டால் நான் வேலையற்றவன், வீட்டில் கேட்டால் விவரம் கெட்டவன்.

லிப்ரேஜேஎஸ்ஸில் இன்னொரு வசதி உண்டு, புகார் அனுப்பத் தளத்தின் தொடர்பு முகவரியைத் தேடித் தரும். அந்தக் கல்லூரிக்கு மரியாதையாக, விளக்கமாக ஒரு மெயில் எழுதினேன். பதிலும் வந்தது: "குரோமில் முயற்சிக்கவும்."