முன்பின் தெரியாத ஆள் தேவை

(கானாடுகாத்தான். நான்கு பங்காளிகளுக்குச் சொந்தமான பெரிய வீடு. பங்காளிகள் ஆளுக்கொரு திசையில் இருக்க, சாவிக்கொத்து மட்டும் மீனாட்சி ஆச்சி இடுப்பில் இருக்கிறது. வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு முத்து முகப்புப் படி ஏறுகிறார். கையில் ஒரு மஞ்சள் பை. பையைப் பார்த்ததுமே ஆச்சி முகம் சுண்டிப்போகிறது.)

முத்து: இந்தாங்க ஆச்சி. பஸ் ஸ்டாப்புல புத்தகத்தை விட்டுட்டு வந்துட்டீகளாம். டீக்கடைக்காரரு எடுத்து வச்சிருந்து குடுத்தாரு.

ஆச்சி: விட்டுட்டு வரலைப்பா. வச்சுட்டு வந்தேன்.

முத்து: ரெண்டும் ஒண்ணுதானே?

ஆச்சி: ஒண்ணா? பிள்ளையத் திருவிழாவுல விட்டுட்டு வாரதும் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வாரதும் ஒண்ணா?

முத்து: அது சரி. ஆனா அவரு ரொம்ப விசனப்பட்டாரு. "ஆச்சிக்கு மறதி முத்திப்போச்சு. அன்னைக்குக் கோயில் மண்டபத்துல விட்டாக, முந்தாநாளு ரேஷன் கடையில விட்டாக, இப்ப இங்க. மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிரலாமா"ன்னு கேட்டாரு.

ஆச்சி: சொல்லித் தொலைச்சுட்டாரா?

முத்து: அவரு சொல்லலை. நியூஜெர்சியிலேருந்து மகளே அவருக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு மறதியாமே"ன்னு கேட்டுச்சாம்.

ஆச்சி: (தலையில் அடித்துக்கொண்டு) இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்யா! அங்க போயிருந்தப்ப அவதான் கூட்டிட்டுப் போய்க் காமிச்சா. வாசல்ல ஒரு கம்பு நட்டு, அதுமேல கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டி. உள்ள பூராம் புத்தகம். வேணுங்கிறவுக எடுத்துக்கலாம், வச்சிருக்கவுக கொண்டாந்து வைக்கலாம். 2009-ல விஸ்கான்சின் பக்கம் ஹட்சன்னு ஒரு ஊருல டாட் போல்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அவுக அம்மா வாத்தியாரம்மா. அம்மா ஞாபகமாப் பள்ளிக்கூடக் கட்டடம் மாதிரியே சின்னதா ஒரு பெட்டி செஞ்சு வாசல்ல நட்டாரு. இப்ப எத்தனையோ நாட்டுல நட்டுக்கிட்டு இருக்காக.

முத்து: பூட்டு?

ஆச்சி: பூட்டே கிடையாது.

முத்து: (இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்து) இதைச் சொல்றது நீங்களா ஆச்சி?

ஆச்சி: ஏன், நம்மளும்தான் பூட்டு இல்லாம ஒரு பெட்டி வச்சோம்.

முத்து: அந்த பர்மாத் தேக்குப் பெட்டிதானே? மறுநாக் காலையில புத்தகம் பூராம் திண்ணையில வரிசையா இருந்துச்சு, பெட்டியக் காணோம்.

ஆச்சி: அகர வரிசையில அடுக்கி வச்சுட்டுல்ல போயிருக்கான். படிச்ச களவாணி.

முத்து: படிச்ச களவாணின்னா புத்தகத்தையில்ல தூக்கியிருப்பான்.

ஆச்சி: பெட்டி இப்ப காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல, ஒரு பழைய சாமான் கடையில இருக்கு. ஒடைஞ்ச கதவை அறுத்துப் போன ஆவணியில நான் செஞ்ச பெட்டி. நூறு வருஷப் பழசுன்னு எங்கிட்டயே வெலை சொல்றான்.

முத்து: மரம் நூறு வருஷந்தானே ஆச்சி. அவரு சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லையே.

ஆச்சி: நீ யாரு பக்கம்? பெட்டி போனாப் போகுது, பெட்டி இல்லாமலும் பண்றாகப்பா. 2001-ல அமெரிக்காவுல புக் கிராஸிங்னு ஆரம்பிச்சாக. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நம்பர். படிச்சு முடிச்சதும் பார்க் பெஞ்சு, ரயிலு, காப்பிக்கடைன்னு எங்கயாச்சும் வச்சுட்டு நடையைக் கட்டிர வேண்டியது. எடுத்தவுக அந்த நம்பரைப் போட்டு, எனக்கு இன்ன ஊருல கிடைச்சுச்சுன்னு பதிவாக. நம்ம புத்தகம் எங்கெங்க போகுதுன்னு நம்ம உக்காந்த இடத்துலயே பார்த்துக்கலாம்.

முத்து: இது உங்களவுக பேரேடுல்ல!

ஆச்சி: அதேதான். பற்று இருக்கு, வரவு இருக்கு. வட்டிதான் இல்லை.

முத்து: அதான் இந்தப் பக்கம் எடுபடலை. ஆச்சி, கோவிச்சுக்கக் கூடாது, உங்க புத்தகம் ஊரைத் தாண்டாததுக்கு நான் காரணம் சொல்லட்டா? (பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறார்.) மொதப் பக்கத்துல "பழ.சித." முத்திரை. கடைசிப் பக்கத்துல "பழ.சித." நடுவுல கதாநாயகன் தாலி கட்டுற எடத்துலகூட "பழ.சித."

ஆச்சி: வீட்டு விலாசம்ப்பா அது! எங்க மாமனார் ரங்கூன்ல கடை வச்சிருந்தப்பச் செஞ்ச முத்திரை.

(வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: செட்டிநாட்டில் அண்டாவிலிருந்து கரண்டி வரை வீட்டு விலாசம் வெட்டாத பாத்திரத்தைப் பார்ப்பது அரிது. கல்யாணத்துக்குப் போன கரண்டி எந்த வீட்டுப் பரணில் ஒதுங்கினாலும், எழுத்தைப் படித்து யாராவது கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். இரவல் போன புத்தகம் திரும்பாது என்று மற்ற ஊர்க்காரர்கள் அழுகிறார்கள். ஆச்சியின் கஷ்டம் வேறு ஜாதி.)

முத்து: எழுத்தைப் பார்த்ததுமே, அடடே நம்ம ஆச்சி வீட்டுச் சாமானாச்சேன்னு ஆளாளுக்கு எங்கிட்டக் கொண்டாந்து குடுத்துர்றாக. மேல ஒரு பேப்பரை ஒட்டி மறைச்சுருவோமா?

ஆச்சி: விலாசத்தை மறைக்கிறதா? திவாலானவன் பண்ற வேலைப்பா அது! அதுக்குத்தான் வேற யோசனை பண்ணி, அந்தத் துப்பறியும் கதையைச் சிவப்புத் துணியில சுத்தி முச்சந்தியில வச்சேன். எழுத்தும் தெரியாது, வெயிலுக்கு அட்டையும் வெளுக்காது.

முத்து: அது நீங்கதானா! ஊரே ரெண்டு நாளா அந்தப் பக்கம் போகலை ஆச்சி. யாரோ கழிப்புக் கழிச்சுப் போட்டுட்டாகன்னு ஒரே பேச்சு. பால்காரரு இன்னும் சுத்திக்கிட்டுத்தான் போறாரு. பூசாரி வந்து எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டு, ஒரு நீளக் கம்பால அதைத் தள்ளிக்கிட்டே போய் ஊருணிக் கரையில விட்டாரு. அங்க ஒரு சின்னப் பய துணியப் பிரிச்சுப் பார்த்துட்டு, "உள்ள கொலை இருக்கு, உள்ள கொலை இருக்கு"ன்னு கத்திக்கிட்டு ஓடினான்.

ஆச்சி: அட்டையில அப்படித்தான் போட்டிருக்கும். நல்ல கதை. அது திரும்பி வரலையே?

முத்து: வந்திருச்சு. என் வண்டி சீட்டுக்குப் பின்னாடி இருக்கு. எலுமிச்சம்பழத்தோட குடுத்தாரு.

ஆச்சி: நம்ம ஊர்க்காரவுகளை விடு. வீடு பார்க்க வெள்ளைக்காரவுக வாராகளே, அவுக முன்பின் தெரியாதவுகதானே? ஆத்தங்குடிக் கல்லுத் தரையைப் படம் புடிச்சுக்கிட்டு இருந்த ஒரு அம்மா உக்காந்த எடத்துல ஒண்ணை வச்சுட்டு உள்ள போயிட்டேன்.

முத்து: தமிழ்ப் புத்தகத்தையா?

ஆச்சி: அதையும் படம் புடிச்சா. முன்னும் பின்னுமாப் பொரட்டிட்டு, உள்ள நூறு ரூவாய வச்சு எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டா. வீடு பார்க்கிற டிக்கெட்டுன்னு நினைச்சிருப்பா போல.

முத்து: பேசாம நூலகத்துக்குக் குடுத்துருங்களேன்.

ஆச்சி: குடுக்கலாம். 1948-லயே சட்டம் போட்டு, வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குறாக. அது நம்ம காசுல நடக்குற எடம். ஆனா அங்க வாரவுக படிக்கணும்னே வாரவுக. எனக்கு வேண்டியது, படிக்கணும்னு நினைப்பே இல்லாத ஒருத்தர். பஸ் வரலை, செல்போன்ல சார்ஜ் இல்லை, எதிர்ல இருக்கவரு வேற பேசிப் பேசிக் கழுத்தறுக்கிறாரு. அந்த நேரத்துல பக்கத்துல ஒரு புத்தகம் கெடந்தா எடுத்துப் பார்ப்பாகளா மாட்டாகளா?

முத்து: பார்ப்பாக. பார்த்துட்டு, "ஆச்சி வீட்டுப் புத்தகம்"பாக.

ஆச்சி: வாயை மூடு.

முத்து: இல்ல ஆச்சி, நம்ம கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமச் சேர்த்து வச்சாகளாம். பேரு சொல்றாக. நீங்க என்னடான்னா இருக்கிறதை இறைக்கிறீக.

ஆச்சி: அவுக சேர்த்தது 1 லட்சம் உருப்படிக்கு மேல. நூலு, பத்திரிகை, நோட்டீஸுன்னு ஒண்ணு விடாம. அவுக காலத்துக்கப்பறம் 1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இப்பச் சென்னையில அவுக பேருலயே நூலகம் நடக்குது. அது ஆராய்ச்சிக்கு ஆகுற சரக்கு. என் மாடியில இருக்கிறது என்ன? வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழிச்சு, எங்க மாமியார் கோத்துத் தைச்ச பைண்டு. அதை இப்பக் கரையான் மட்டுந்தான் ஆராய்ச்சி பண்ணுது. அது தின்னுறதுக்கு முன்னாடி மனுசங்க நாலு பேரு படிச்சுட்டுப் போகட்டுமே.

முத்து: அதுக்கு ஏன் என் வண்டி?

ஆச்சி: 1931-ல மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில நூலகம் வச்சு ஊரு ஊராப் போனாகப்பா. உன் ஆட்டோ அதைவிட ஒசத்தியா? அதே வருஷந்தான் சீர்காழிக்காரர் ரங்கநாதன், நூலகத்துக்குன்னு அஞ்சு விதி சொல்லிப் புத்தகம் போட்டாரு. மொத விதியே, புத்தகம் இருக்கிறது பயன்படுறதுக்குன்னு.

முத்து: அந்த அஞ்சுல வண்டி வாடகையப் பத்தி ஏதும் இருக்கா?

ஆச்சி: நாலாவது விதி, படிக்கிறவுக நேரத்தை வீணாக்கக் கூடாது. நீ வாடகை பேசியே வீணாக்குற.

முத்து: சரி, நானும் ஒரு யோசனை சொல்றேன். ரயில்ல வச்சுட்டா ஒரேயடியாப் போயிரும். ஆனா ஜங்ஷன்ல, கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள்னு மைக்குல சொல்லிக்கிட்டே இருக்காகளே. போலீஸு நாயைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா?

ஆச்சி: வச்சாச்சு.

முத்து: எப்ப?

ஆச்சி: தம்பிய விடிகாலைப் பல்லவன்ல ஏத்திவிட ஜங்ஷனுக்குப் போனோமே, அன்னைக்கு. ஜன்னலோரம் ஒரு சீட்டுல வச்சேன். லேபிள் ஒட்டித்தான் வச்சேன்: "இது தொலைந்த புத்தகம் அல்ல. வெடிகுண்டும் அல்ல. எடுத்துப் படிக்கவும். படித்தபின் வேறு எங்காவது வைக்கவும். விவரங்களுக்கு"ன்னு கீழ ஒரு போன் நம்பர்.

முத்து: பரவாயில்லையே. யாரு நம்பர்?

ஆச்சி: (சாவிக்கொத்தைச் சரிசெய்தபடி) உன் நம்பர்தான்.

முத்து: என் நம்பரா!

ஆச்சி: முன்பின் தெரியாதவுகளுக்கு என் நம்பரை எப்படிப்பா குடுக்கிறது?

முத்து: (படியில் அப்படியே உட்கார்ந்து) இப்பப் புரியுது ஆச்சி. ரெண்டு நாளா ஒரு பொம்பளைக் குரலு. "மரகதத்துக்கு என்னாச்சு, அதை மட்டும் சொல்லிருங்க"ன்னு ஒரே கெஞ்சல். ராங் நம்பர்னு கட் பண்ணினேன். ராத்திரி பத்து மணிக்குத் திருப்பியும் வந்துச்சு. எங்க வீட்டுல பக்கத்துல இருந்துச்சு ஆச்சி! "யாரு மரகதம்? எத்தனை நாளாப் பழக்கம்?"னு விடியவிடிய விசாரணை. இன்னைக்குக் காலையில சோறு இல்லை.

ஆச்சி: மரகதமா! முதல் பாகத்துக் கடைசி அத்தியாயம்ப்பா அது! மரகதம் தனியாக் கிணத்தடிக்குப் போறா, காத்துல வெளக்கு அணையுது, "தொடரும்"னு போட்டுருவான். அப்ப யாரோ கடைசி வரைக்கும் படிச்சிருக்காகய்யா!

(முத்துவின் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்து நடுங்குகிறார். ஆச்சி பிடுங்கிக்கொள்கிறார்.)

ஆச்சி: (போனில்) ஆமாம்மா, வச்சது நான்தான்... விருத்தாசலமா? சொந்த ஊரே அதானா, பொழைக்க வந்த ஊரா?... தேவகோட்டையா! தேவகோட்டையில எங்க?... அப்படியா! உங்க ஐயா பேரு என்ன?... (போனைப் பொத்திக்கொண்டு) முத்து, எங்க சம்பந்தி வீட்டுல கணக்குப் பார்த்தவுக பேத்திப்பா இது! (போனில்) அழுகாதம்மா, ரெண்டாம் பாகம் மாடியில பத்திரமா இருக்கு. அனுப்பி வைக்கிறேன். அட்ரஸ் சொல்லு...

முத்து: போச்சு. உலகத்துல ஒரே ஒரு முன்பின் தெரியாத ஆள் கிடைச்சாக. மூணே கேள்வியில சொந்தமாக்கிட்டீக.

ஆச்சி: (போனை வைத்துவிட்டு) உடனே அனுப்பணும்ப்பா. பாவம், பிள்ளை தவிச்சுப்போய்க் கெடக்கு.

முத்து: அதுக்கென்ன, காலையில பல்லவன்ல வச்சுட்டு வந்துருவோம்.

ஆச்சி: ரயில்லயா? வேற யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டா?

முத்து: அதுக்குத்தானே ஆச்சி வைக்கிறது!

ஆச்சி: அது முன்பின் தெரியாதவுகளுக்கு. இது நம்ம பிள்ளை. கூரியர்ல போட்டு ரசீது வாங்கிட்டு வா. வெறும் புத்தகமா அனுப்பினா நல்லாருக்காது. சீப்புச்சீடையும் மாவுருண்டையும் இருக்கு, எவர்சில்வர் டப்பாவுல போட்டுத் தாரேன்.

முத்து: டப்பாவுல விலாசம்?

ஆச்சி: வெட்டாமயா? புத்தகம் எங்க வேணாலும் போகட்டும்ப்பா. டப்பா மட்டும் மாசக் கடைசிக்குள்ள வந்துரணும்னு சொல்லிரு.

முத்து: எல்லாம் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க எங்க வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. மரகதம்னு ஒருத்தி இல்லவே இல்லைன்னு.

ஆச்சி: இல்லவே இல்லையா? ரெண்டாம் பாகத்துல நாலு அத்தியாயம் அந்தக் கிணத்துக்குள்ள கெடந்து தவிக்கிறா, வாய் கூசாம இல்லைங்கிறியே!