லண்டன் ராகு காலம்

திங்கள் ராகு காலம் உலகம் முழுக்க 7.30 முதல் 9 வரைதான், லண்டனில் வேலை பார்த்தாலும் அப்போது கம்ப்யூட்டர் சர்வரில் கை வைக்காதீர்கள் என்கிறார் ஒருவர். நம்பிக்கை அவரவர் விருப்பம், சரி. கணக்கு அப்படியில்லையே!

சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கை எடுப்பார்கள். தினசரி காலண்டரில் இருப்பது 6 மணிக்கு 6 மணி என்று வைத்துப் போட்ட தோராயம். டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் எழவே 8 தாண்டும். மாலை 4 மணிவாக்கில் மறைந்தும்விடும். பங்குக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. ஆக, ராகு காலம் ஏறக்குறைய 9 முதல் 10 வரை. 9 அடிக்கட்டும் என்று பயபக்தியோடு காத்திருந்து பொத்தானை அமுக்குகிறவர், நேராக ராகுவின் வாயிலேயே போய் விழுகிறார்.