குளியலறைத் தரையின் வாட்டம்

எங்கள் வீட்டைப் புதுப்பித்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இன்றும் குளித்து முடித்தவுடன், கதவோரம் தேங்கி நிற்கும் தண்ணீரை ரப்பர் கட்டையால் வடிகால் சல்லடை வரை தள்ளிவிட்டுத்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. தரைக்கு வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு, கொடுக்காமலேயே டைல்ஸ் பதித்துவிட்டார்கள்.

அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். ஆறடி நீளமுள்ள எங்கள் குளியலறைக்கு ஒன்றரை அங்குலம் போதுமானது. பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன்மேலேயே பசை தடவிப் புதியதை ஒட்டினால் செலவு குறையும் என்று டைல்ஸ் பதித்தவர்கள் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டோம். அப்படி ஒட்டும்போது பழைய தரையின் கோணல் அப்படியே மேலே வந்துவிடும் என்பதையும், தரை உயர்ந்து கதவின் அடிப்பாகம் நனையும் என்பதையும் எவரும் சொல்லவில்லை. இப்போது அந்த மரக்கதவின் கீழ் விளிம்பு ஊறி உப்பி, வண்ணப்பூச்சு செதில் செதிலாக உரிகிறது.

எழுபது வயதைத் தாண்டிய அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று நாட்கள் கடை கடையாக அலைந்த நாங்கள், வேலை முடிந்த அன்று ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். சரிசெய்ய வேண்டுமானால் முழுத்தரையையும் உடைக்க வேண்டும் என்கிறார் கொத்தனார்.