வேலையை விட்டுவிட்டுத்தான் கேட் தேர்வுக்குப் படிக்க வேண்டுமா?

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒருவரின் காணொளியை நேற்றிலிருந்து எனக்குப் பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். வேலையை விடத் துணிவில்லாதவனுக்கு ஐ.ஐ.எம். கனவு எதற்கு என்று அந்தப் பயிற்சியாளர் கேட்டதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. அதை மறுத்து நான் எழுதிய நான்கு வரிகளுக்குக் கீழே, "தோற்றவரின் புலம்பல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் இருவர் ஒரு காலத்தில் என் அறையில் தங்கியிருந்தவர்கள். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். கேட் தேர்வுக்குப் படிப்பதற்காக வேலையை விடாதீர்கள். இடம் உறுதியான பிறகு தாராளமாக விடுங்கள்.

இது இரண்டு மணி நேரத் தேர்வு. ஆங்கில வாசிப்பு, தரவும் தர்க்கமும், கணக்கு என்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடங்கள். கணக்கில் பெரும்பகுதி நாம் பள்ளியில் படித்ததுதான். குடிமைப் பணித் தேர்வைப் போல மலையாகக் குவிந்த பாடத்திட்டம் இதற்குக் கிடையாது. நாள்தோறும் இரண்டு மணி நேரமும், வார இறுதியில் ஒரு மாதிரித் தேர்வும், எழுதிய தேர்வில் எங்கே பிசகினோம் என்று உட்கார்ந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால் வருகிற பழக்கம் இது. பத்து மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து மடங்காக வந்துவிடாது. நவம்பர் கடைசியில் தேர்வு, அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து நேர்முகங்கள், ஜூன் வாக்கில் வகுப்பு என்ற கணக்கில் பார்த்தால், இப்போது வேலையை விடுபவர் ஏறக்குறைய பதினொரு மாதங்கள் சம்பளம் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணோ அந்த ஓராண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். 2024-இல் இதற்குப் பதிவு செய்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

2018 ஜூனில் நானும் வேலையை விட்டேன். சோழிங்கநல்லூர் அறையைக் காலி செய்துவிட்டு விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று அம்மா விடியற்காலையிலேயே எழுந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மிக்ஸியில் அரைக்க வேண்டியதையெல்லாம் அரைத்து வைத்துவிடுவார். பகலில் ஏதாவது அரைக்க நேர்ந்தால், "ரெண்டு நிமிஷம் ஓட்டிக்கட்டுமாப்பா?" என்று தன் வீட்டு மிக்ஸிக்கு என்னிடம் அனுமதி கேட்பார். அந்தக் குரல் காதில் விழும்போதெல்லாம் புத்தகத்தில் ஒரு வரியும் ஏறாது. வேலையில் இருந்தபோது மே மாத மாதிரித் தேர்வில் என் பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினேன் என்ற கணக்கு, 84. ஐந்து மாதம் முழுநேரமும் படித்த பிறகு அக்டோபரில் 88.

நவம்பர் 25 அன்று தேர்வு. அப்போது மூன்று மணி நேரம், பகுதிக்கு 60 நிமிடங்கள். தர்க்கப் பகுதியில் கேள்விகள் தொகுப்பு தொகுப்பாக வரும்; ஒரு தொகுப்பு பிடிபடவில்லை என்றால் உடனே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது இந்தத் தேர்வை எழுதும் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரே தொகுப்போடு 25 நிமிடங்கள் மல்லுக்கட்டினேன். இதை விட்டால் எல்லாமே போயிற்று என்ற பயம்தான் காரணம். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போக வேண்டியவன் அந்தத் தொகுப்பை விட்டிருப்பான். கேட் தேர்வில் பாதித் திறமை எதை விடுவது என்பதில் இருக்கிறது, வேலையை விட்டவனுக்கு வேறு எதையும் விட மனம் வராது. முடிவு வந்தபோது 91, இடம் கிடைக்கவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு நிறுவனப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் வாசிப்புப் பகுதியை முடித்தார். சேர்த்து வைத்திருந்த விடுப்பை நவம்பரில் மொத்தமாக எடுத்தார். அதே ஆண்டில் அவருக்கு இடம் கிடைத்தது.

பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பவன் எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். உடம்பு கெடுகிற வேலை என்றால் உடம்புக்காக விடுங்கள் அல்லது வேறு வேலைக்கு மாறுங்கள், கேட் தேர்வின் பெயரைச் சொல்லி விடாதீர்கள். ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்த்தாக வேண்டிய 90 நாள் நோட்டீஸ் காலம் மட்டும்தான் நான் மதிக்கும் ஆட்சேபம். ஏப்ரலிலோ மே மாதத்திலோ இடம் உறுதியாகி ஜூனில் வகுப்பு என்றால் அது இடிக்கத்தான் செய்யும். மீதி நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியேற முடியுமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். முடியாது என்றால் இறுதிப் பட்டியல் வருவதற்குச் சற்று முன்பே கடிதம் கொடுக்க நேரலாம். அதுவும் நேர்முகம் முடிந்த பிறகு எடுக்கிற முடிவு. பெங்களூரு உள்ளிட்ட சில ஐ.ஐ.எம்.கள் பணி அனுபவத்துக்கென்று தனியாக மதிப்பெண் தருகின்றன என்பதை அந்தக் காணொளியில் ஏன் சொல்லவில்லை?

கைதட்டியவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் இருக்கிறது. மாதா மாதம் வீட்டு வாடகை வருகிற குடும்பத்துப் பிள்ளைக்கு ஓராண்டு போனால் ஓராண்டுதான் போகும். என் அப்பா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அந்த ஆண்டு ஒரு கல்யாண வீட்டில், "பையன் லீவுல வந்திருக்கான்" என்று மூன்று பேரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதற்குத் துணிவு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

2019 மார்ச்சில் முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேறோர் இடத்தில் சேர்ந்தேன். 2020-இல் வேலையில் இருந்துகொண்டே மறுபடி எழுதி 97 வாங்கினேன், இடமும் கிடைத்தது. கட்டணத்தைப் பார்த்துவிட்டுச் சேரவில்லை. கையிருப்பெல்லாம் அந்தச் சம்பளமில்லாத மாதங்களில் கரைந்துபோயிருந்தது. என்னைத் தோற்றவன் என்று எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. என் அறையில் இருந்த அந்த இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்கப் போவதாக நேற்று இரவு உள்பெட்டியில் எழுதிய கோயம்புத்தூர்த் தம்பிக்கு: நவம்பர் கடைசி ஞாயிறுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. கடிதத்தை அனுப்பாமல் வைத்திருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதி, பகுதிவாரியான மதிப்பெண்ணை எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை நீங்கள் அலுவலகம் கிளம்புவதற்கு முன் அழைக்கிறேன்.