எதிர்பார்த்தது யார்?

சனிக்கிழமை மாலைகளில் பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறேழு கல்லூரி மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். சென்ற வாரம் ஓகேமல் மொழியில் ஒரு சிற்றுண்டிக் கடையின் விலைகளைக் கூட்டும் பயிற்சியைக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி பட்டியலில் 20, 35, 40, 15 என்று எழுதும்போது முதல் எண்ணை மட்டும் கைதவறி மேற்கோள் குறிகளுக்குள் போட்டுவிட்டாள். நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் அந்த 20-ஐ ஒன்றும் சொல்லாமல் 35-இன் கீழே கோடு போட்டு, 'இது முழு எண், ஆனால் இங்கே ஸ்ட்ரிங் எதிர்பார்க்கப்பட்டது' என்று அறிவித்தது. மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அது எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாக, அதாவது ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்ளும்.

அவள் சொன்னதைக் கேட்கும் பிள்ளை; 35-க்கும் மேற்கோள் குறி போட்டாள். அடுத்து 40 மாட்டியது, பிறகு 15. நான்கையும் ஸ்ட்ரிங்காக மாற்றி முடித்ததும், கூட்டல் செய்யும் வரி தவறு என்று கம்பைலர் சொன்னது. அப்போதுதான் என்னைப் பார்த்து, "எதிர்பார்த்தது யாரு, அக்கா?" என்று கேட்டாள். இந்தத் துறையில் பல ஆண்டுகள் இருந்தும் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எதிர்பார்த்தது அந்த முதல் உறுப்புதான். முழு எண், ஸ்ட்ரிங் போன்ற வகைகளை நாம் எழுதித் தராமல் தானே ஊகித்தறியும் கம்பைலர், பட்டியலின் முதல் உறுப்பைக் கண்டதும் 'இது ஸ்ட்ரிங் பட்டியல்' என்று குறித்துக்கொள்கிறது. அதன்பின் வருவனவற்றை அந்தக் குறிப்போடு ஒப்பிட்டு, முதன்முதலில் ஒவ்வாத இடத்தில் நின்றுவிடுகிறது. முரண்பாடு என்பது இரண்டு இடங்களுக்கு இடையில் இருக்கிறது. முதலில் வந்தது எது, பிறகு வந்தது எது என்ற வரிசைதான் பழி யார்மேல் விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. கம்பைலருக்குத் தெரிந்த இந்த வரலாற்றைச் செய்தி மறைத்துவிடுவதே என் மனக்குறை. எந்த முடிவு எந்த வரியிலிருந்து பிறந்தது என்பதைக் கூடவே குறித்துவைத்துப் பிழையின் மூலத்தைக் காட்டலாம் என்று கணினி அறிவியலாளர் மிட்செல் வாண்ட் 1986-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்.

செய்துகாட்டியவர்களும் இருக்கிறார்கள். எல்ம் மொழி 2015-இல் தன் பிழைச்செய்திகளை மனிதர்கள் படிப்பதற்காகவே மாற்றி எழுதியது. இதே பட்டியலை அங்கே கொடுத்தால், இரண்டாம் உறுப்பு அதற்கு முந்தைய உறுப்புகளோடு பொருந்தவில்லை என்று சொல்லி, இரண்டின் வகைகளையும் அடுத்தடுத்துக் காட்டும். ரஸ்ட் மொழி 2016-இல் அந்த வழியைப் பின்பற்றித் தன் செய்திகளின் வடிவத்தை மாற்றிக்கொண்டது. இன்று பல இடங்களில், பிழையான மதிப்பின் கீழே ஒரு கோடும், 'இதனால்தான் அப்படி எதிர்பார்த்தேன்' என்று மூலத்தின் கீழே இன்னொரு கோடும் போடுகிறது. வகையின் பெயர் மட்டும் போதாத நேரமும் உண்டு. ஒரே நூலகத்தின் (பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) இரண்டு பதிப்புகள் ஒரு நிரலுக்குள் வந்துவிட்டால், எதிர்பார்த்த வகைக்கும் கிடைத்த வகைக்கும் பெயர் ஒன்றாகவே இருக்கும். சென்னையில் வெறுமனே 'காந்தி தெரு' என்று முகவரி சொல்வது போன்றது அது. எந்தப் பேட்டை என்பதையும் சொன்னால்தான் வீடு போய்ச் சேர முடியும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் என்னோடு வேலை செய்யும் நண்பர், நாளாக ஆகப் பழகிவிடும் என்கிறார். பழகுகிறது என்பது உண்மை. ஆனால் நாம் பழகியது, செய்தி காட்டும் இடத்தை நம்பாமல் நாலு வரி மேலே போய்த் தேடுவதற்குத்தான். எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாக நம்பும் புதியவர்கள்தான் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். அவர்களில் ஆங்கிலம் தடுமாறுபவர்கள் தங்களுக்கு மொழி புரியவில்லை என்று நினைத்துத் தலைகுனிகிறார்கள். புரிந்துகொள்ளத் தேவையான பாதித் தகவல் அந்தச் செய்தியிலேயே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிழைச்செய்திகளைத் தமிழில் தர வேண்டும் என்று நாங்கள் சிலர் பேசிவருகிறோம். மனதார வேண்டுகிறேன். ஆனால் 'எதிர்பார்க்கப்பட்டது' என்ற சொல்லை அப்படியே தமிழில் வைத்துவிட்டால், எதிர்பார்த்தவர் அங்கேயும் ஒளிந்துகொள்வார். கம்பைலர் தானே திருத்தம் சொல்வதும் எனக்கு முழுச் சம்மதமில்லை, ஏனென்றால் பெரும்பான்மை முழு எண்கள் என்பதால் முதல் உறுப்புதான் தவறு என்று அது ஊகித்தால், இங்கே சரியாகவும் வேறொரு நிரலில் தவறாகவும் போகும். இரண்டு முனைகளையும் காட்டிவிட்டு முடிவை எழுதியவரிடம் விட வேண்டும்.

கம்பைலர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தியை அன்று மாலை அவளுடைய நோட்டிலேயே எழுதினேன்: 'முதல் உறுப்பு ஸ்ட்ரிங். இரண்டாம் உறுப்பு முழு எண். ஒரு பட்டியலின் உறுப்புகள் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். இவற்றில் நீங்கள் நினைத்து எழுதியது எது?' அவள் படித்துவிட்டு, நான்கு எண்களின் மேற்கோள் குறிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். கூட்டுத்தொகை 110 என்று வந்தது.