விண்வெளிப் படத்தில் அழவைப்பது எது?

விண்வெளிப் படம் என்றதும் பேச்சு உடனே கிராஃபிக்ஸ் பக்கம் போய்விடுகிறது. எத்தனை கோடி செலவு, கருந்துளை எப்படி இருந்தது, ராக்கெட் நிஜம் மாதிரி தெரிந்ததா என்று. இதெல்லாம் பார்க்கும்போது வாயைப் பிளக்கவைக்கும், வீட்டுக்கு வரும்போது மறந்திருக்கும். அப்படிப்பட்ட படம் நெஞ்சைப் பிடிக்கிற இடம் வேறு. மேலே இருப்பவர் சொன்ன ஒரு சொல் கீழே இருப்பவரிடம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த இடைவெளியில்தான் மொத்த உணர்ச்சியும் இருக்கிறது. அதைக் கணக்குப் பிசகாமல் காட்டுகிற படம் அழவைக்கும். அதை வெட்டி எறிகிற படம் எவ்வளவு செலவழித்தாலும் வாணவேடிக்கைதான்.

2023 ஆகஸ்ட் 23 மாலையை நினைத்துப் பாருங்கள். சந்திரயான்-3 இறங்குவதை யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். திரையில் இருந்தது என்ன? உயரம், கிடைமட்ட வேகம், செங்குத்து வேகம் என்று சில எண்கள், ஒரு வளைகோடு, ஓர் அனிமேஷன். 30 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் தொடங்கி, ஏறக்குறைய 19 நிமிடம் அந்த எண்கள் குறைந்துகொண்டே வந்தன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இறங்கும் வேலை முழுக்க லேண்டரின் கணினி கையில். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 இறங்கியபோது இதே மாதிரி ஒரு கோடு 2.1 கி.மீ. உயரம் வரை ஒழுங்காக வந்து, பிறகு சிக்னல் நின்றுபோனது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. 6.04-க்கு எண் பூஜ்யத்துக்கு வந்தபோது அழுதவர்கள் எத்தனை பேர்! நடிகர் இல்லை, பின்னணி இசை இல்லை. எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சூலூர்ப்பேட்டை, தடா, ஆரம்பாக்கம், பழவேற்காடு என்று இந்தத் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் முதலில் வருவது வெளிச்சம். சத்தம் பின்னால் வரும். வெப்பமான காற்றில் ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க 3 விநாடி எடுத்துக்கொள்கிறது. சூலூர்ப்பேட்டை ஏவுதளத்திலிருந்து நேர்கோட்டில் 20 கி.மீ.க்குச் சற்று மேல். ஆக ஒரு நிமிடத்துக்கும் அதிகம். பழவேற்காட்டுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் ஆகிவிடும். பி.எஸ்.எல்.வி. என்றால், சூலூர்ப்பேட்டைக்காரர் காதில் உறுமல் விழும் நேரத்தில் தரையிலேயே பற்றவைத்த பக்கவாட்டு மோட்டார்கள் எரிந்து முடிந்து கழலப்போகின்றன. 70 விநாடி வாக்கில் அது நடக்கும். அதாவது கிளம்பிய சத்தம் வரும்போது கிளம்பியது பழைய கதை. காற்றும் இதில் விளையாடும். வடக்கேயிருந்து வீசினால் பழவேற்காட்டில் ஜன்னல் அதிரும். எதிர்க்காற்று என்றால் ஒலி மேல்நோக்கி வளைந்து மங்கிப்போகும்.

இந்த ஒரு நிமிடத்தைச் செவ்வாய் வரை நீட்டிப் பாருங்கள். சிக்னல் ஒளியின் வேகத்தில் போகும். நிலாவுக்கு 1.28 விநாடி. செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போது 3 நிமிடம், சூரியனுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது 22 நிமிடம். 2012 ஆகஸ்டில் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் செவ்வாயில் இறங்கியபோது ஒருவழித் தாமதம் கிட்டத்தட்ட 14 நிமிடம். வளிமண்டலத்தில் நுழைந்து தரையைத் தொட 7 நிமிடம். நுழைந்துவிட்டது என்ற சிக்னல் பூமிக்கு வந்தபோது ரோவர் தரையைத் தொட்டு, முழுசாகவோ துண்டாகவோ, 7 நிமிடம் ஆகியிருந்தது. விதி முடிந்துவிட்டது, செய்தி வரவில்லை. மனிதருக்கு இதைவிடக் கொடுமையான காத்திருப்பு உண்டா?

2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் எல்லோரையும் உடைத்த காட்சி கருந்துளைக் காட்சி கிடையாது. ஒரு மனிதன் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற காட்சி. தண்ணீர் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் 7 வருடம், அதாவது 61,000 மடங்கு. கிப் தோர்ன் அந்தப் படத்தின் அறிவியல் ஆலோசகர். அவர் கணக்குப்படி கருந்துளை தன் உச்ச வேகத்தை ஒட்டிச் சுழன்றால்தான் அது நடக்கும். அந்த மனிதன் அங்கே போய்க் கலத்துக்குத் திரும்பி வரும்போது பூமியில் 23 வருடம் போயிருக்கிறது. சேர்ந்து கிடக்கும் வீடியோ செய்திகளைத்தான் அவன் பார்க்கிறான். மகன் வளர்ந்து, கல்யாணம் பண்ணி, பிள்ளையைப் பறிகொடுத்து, கடைசியில் அப்பாவுக்குப் பேசுவதையே நிறுத்தப்போவதாகச் சொல்கிறான். இவனால் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியாது. கல்ஃபுக்குப் போன புருஷனுக்குக் கேசட்டில் பேசிப் பதிந்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய குடும்பங்களுக்கு அந்தக் காட்சியில் இயற்பியல் வகுப்பு தேவைப்படாது. அதே படத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பூமியிலிருந்து கிளம்பப் பல கட்ட ராக்கெட் வேண்டியிருந்தது. ஆனால் பூமியைவிட 30 சதவீதம் அதிக ஈர்ப்புள்ள கிரகத்திலிருந்து சின்ன விண்கலம் தானாகவே எழும்பிவிடுகிறது. ஆனாலும் அந்த ஓட்டை அழுகையைக் கெடுக்கவில்லை. காலம் என்ற விலையைப் படம் கறாராக வசூலித்துவிட்டதால் எரிபொருள் கணக்கை நாம் மன்னித்துவிடுகிறோம்.

மன்னிக்க முடியாத இடமும் உண்டு. 'கிராவிட்டி'யில் (2013) கயிற்றைப் பிடித்துத் தொங்குபவர் தன்னைத் தானே கழற்றிக்கொண்டு போகும் காட்சி. கயிறு இறுகி இருவரும் நின்ற பிறகு அவரை வெளியே இழுக்க அங்கே எந்த விசையும் இல்லை. ஒரு சுண்டு சுண்டியிருந்தால் திரும்பி வந்திருப்பார். தியாகத்துக்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. அதே படத்தில் கண்ணீர்த்துளி கன்னத்திலிருந்து பிரிந்து மிதக்கும். எடையற்ற நிலையில் கண்ணீர் பிரியாது. பரப்பு இழுவிசையால் கண்ணிலேயே ஒட்டி, உருண்டையாகத் திரண்டு, எரிச்சல் கொடுக்கும். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் விண்வெளி நிலையத்தில் இருந்தபடியே இதைச் செய்து காட்டினார். அழுதாலும் கண்ணீர் கீழே இறங்காது என்பதில் எவ்வளவு பெரிய சோகம் இருக்கிறது! அழகான மிதக்கும் துளிக்காக அதை விட்டுவிட்டார்கள். சத்தத்தில் மட்டும் அந்தப் படம் நேர்மையானது. வெற்றிடத்தில் வெடிப்புக்கு ஒலி இல்லை. உடையும் கையுறையும் தொட்டதன் அதிர்வு மட்டும் கேட்கும்.

அளவு எப்படி உணர்ச்சியாகிறது என்பதற்கு நிலாவுக்குக் கிளம்பிய அமெரிக்கக் கலமான அப்போலோ 13 போதும். 1970 ஏப்ரல். பூமியிலிருந்து 3 லட்சம் கி.மீ.க்கும் அப்பால் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று பேர், இருவருக்காகக் கட்டிய நிலாக் கலத்தில் ஒண்டினார்கள். கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டி ஒரு கலத்தில் சதுரம், இன்னொன்றில் வட்டம். குழாய், பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் டேப் வைத்து இரண்டையும் இணைத்தார்கள். ஆளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர். திரும்பி வரும்போது, வளிமண்டலத்தில் நுழையும் நேரத்து வழக்கமான ரேடியோ மௌனம் எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் நீண்டது. இந்தக் கதையில் வில்லன் என்று யாருமே இல்லை. எவ்வளவு காற்று மிச்சம், எத்தனை மணி நேரம் பாக்கி என்பதே வில்லன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

குறும்படம் எடுக்கிறவர்கள், திரைக்கதை எழுதுகிறவர்கள் இந்த எல்லைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில நேரடி விஷயங்கள்.

நிலாவோடு பேசும் காட்சி என்றால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் 2.6 விநாடி. 24 ஃபிரேம் கணக்கில் 62 ஃபிரேம். எடிட்டர் கை பழக்கத்தில் அதைக் கத்தரித்துவிடும். விடாதீர்கள். அந்த இடைவெளியில் ஷாட்டை மாற்றவும் கூடாது. மாற்றினால் பார்ப்பவர் சவுண்ட் தப்பு என்று நினைப்பார். கேள்வி கேட்டவரின் முகத்திலேயே நில்லுங்கள். பூமிப் பக்கமா நிலாப் பக்கமா, யாருடைய கடிகாரத்தில் காட்சி ஓடுகிறது என்று முதலிலேயே முடிவு பண்ண வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டினால் தாமதம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே குழம்பிவிடும். அப்போலோ ஒலிப்பதிவுகளில் வரும் 'பீப்' எல்லோருக்கும் பிடிக்கும். தரையிலிருந்து பேசுபவர் பட்டனை அழுத்தும்போது 2,525 ஹெர்ட்ஸ், விடும்போது 2,475 ஹெர்ட்ஸ், கால் விநாடி. விண்வெளி வீரர் பேச்சுக்கு அது வராது. பல படங்களில் இரண்டு பக்கமும் போட்டுவிடுகிறார்கள்.

செவ்வாய் என்றால் உரையாடலே கிடையாது, செய்திகள்தான். அவை குறுக்கே கடந்து போகும். இதை நம் ஆட்கள் இன்னும் தொடவே இல்லை. ஒருவழி 12 நிமிடம் என்று வையுங்கள். மாலை 6.00-க்கு அம்மா இங்கிருந்து அப்பா இறந்த செய்தியை அனுப்புகிறார். மகனுக்குப் போய்ச்சேர்வது 6.12. அதற்குள் 6.05-க்கு அவன் சிரித்துக்கொண்டே, அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது, மாத்திரை போடுகிறாரா என்று கேட்டு அனுப்பிவிட்டான். அது இங்கே வருவது 6.17. அம்மா அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்கும்போது, அங்கே அவனுக்கு விஷயம் தெரிந்து 5 நிமிடம் ஆகிவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும். அவன் உடனே பேசியிருந்தாலும் அது வர 6.24. அந்த 7 நிமிடம் அம்மா என்ன செய்வார்? வசனமே வேண்டாம். சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி ஒரே ஷாட். இதற்குக் கிராஃபிக்ஸ் செலவு பூஜ்யம். இன்னும் இறுக்க வேண்டுமானால், சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நடுவில் வரும், இரண்டு வாரம் வாக்கில் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைப்பார்கள். கதைக்கு வேண்டிய மௌனத்தை வானமே கொடுக்கிறது.

டப்பிங் செய்கிறவர்களுக்கும் ஒன்று. மூச்சு பெரும்பாலும் வசன டிராக்கில் இருக்கும், இசை-எஃபெக்ட்ஸ் டிராக்கில் வராது. வசனத்தை எடுத்துவிட்டுத் தமிழ் போடும்போது மூச்சும் கூடவே போய்விடும். குரல் கொடுப்பவர் அதைத் தனியாக மறுபடி மூச்சுவிட்டுப் பதிய வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவரின் மூச்சு இல்லையென்றால் காட்சியில் உயிரே இல்லை. காலியாகத் தெரிகிறதே என்று அங்கே புதுசாக வசனம் எழுதி அடைப்பது அதைவிடப் பெரிய பாவம்.

"நான் போய் அவனைக் கூட்டிட்டு வர்றேன்" என்ற வசனத்தை எழுதும் முன் ஓர் எண் போதும். சந்திரயான்-3-ஐ அனுப்பிய எல்.வி.எம்.3 ராக்கெட் கிளம்பும்போது 640 டன். அது சுமந்தது 3.9 டன். விண்வெளியில் திரும்பிப் போவது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தொட்டியில் என்ன இருக்கிறது என்பது மட்டுமே. மனசு இருக்கிறது, தொட்டியில் இல்லை என்ற நிலைமைதான் கதை.

தரையில் நடக்கிற கதையும் இருக்கிறது. ஏவுதல் நாளில் கடலுக்குப் போகாதே என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். அந்த நாளின் கூலி அவர்களுக்கு இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வேலையிடத்தில் இரண்டோடும் மலையாளமும் இங்கிலீஷும் என்று பேசுகிற குடும்பங்கள் சூலூர்ப்பேட்டையில் உண்டு. இந்தியா ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் திட்டமான ககன்யான் ஆட்களோடு கிளம்பப்போவதும் இந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான். அதற்கான 2023 அக்டோபர் 21 சோதனையில் கவுண்ட்டவுன் 5 விநாடி இருக்கும்போது கணினி தானாக நிறுத்தியது. காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து 10 மணிக்கு விட்டார்கள், வெற்றி. அன்று உள்ளே ஆள் இல்லை. ஆள் இருக்கிற நாளில் அப்படி நின்றால், வெளியே நிற்கிற குடும்பத்துக்கு யார் என்ன சொல்வார், எந்த மொழியில் சொல்வார்? அந்தக் காட்சியை எழுத நினைக்கிறவர்கள் முதலில் ஓர் ஏவுதலையாவது நேரில் வந்து பாருங்கள். பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், இடம் சீக்கிரம் தீரும், அடையாள அட்டை கட்டாயம். இடம் கிடைக்காவிட்டால் பழவேற்காட்டுக் கடற்கரைக்குப் போங்கள். ராக்கெட்டைப் படம் பிடிக்க நூறு பேர் இருப்பார்கள். நீங்கள் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவைத்து, சத்தம் வந்து சேரும்வரை ரெக்கார்டரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். எடிட்டிங்கில் அந்த ஒன்றரை நிமிடத்தைச் சுருக்காதீர்கள்.