தபால்காரர் கட்டிய பாட்டுகள்

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான ஜான் ப்ரைனைப் பற்றி யார் எழுதினாலும் "பாடும் தபால்காரர்" என்று ஒரு வரி வந்துவிடும். அதைத் துணுக்குபோலச் சொல்லிவிட்டு நேராக விருதுப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. அந்த வேலை இல்லாமல் அந்தப் பாட்டுகள் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

1946ல் சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் பிறந்தவர். பெற்றோர் கென்டக்கியின் நிலக்கரிப் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கிட்டார் கற்றுக்கொடுத்தது அண்ணன். பள்ளி முடிந்ததும் தபால் வேலை, நடுவில் ராணுவத்திலிருந்து அழைப்பு, மேற்கு ஜெர்மனியில் மெக்கானிக், திரும்பி வந்ததும் மறுபடி தபால் பை. தெருத்தெருவாக நடக்கும்போதே மனதுக்குள் வரிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கும் முன்னால், சிறுவனாக ஒரு முதியோர் இல்லத்தில் பேப்பர் போட்டிருக்கிறார். அங்கே இருந்த சிலர், அவரைத் தங்களைப் பார்க்க வந்த பேரன்போலப் பாவித்துப் பேசுவார்களாம். இருபதுகளின் தொடக்கத்திலேயே அவர் 'ஹலோ இன் தேர்' எழுதினார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட, போரில் ஒரு மகனைப் பறிகொடுத்த தம்பதி பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிற பாட்டு. அந்த வயதில் காதலைப் பற்றி எழுதுவார்கள், கலகத்தைப் பற்றி எழுதுவார்கள். முதுமையின் தனிமையை இவ்வளவு சின்னச் சொற்களில் எழுத, வாசல் வாசலாகப் போய் முகம் பார்த்த ஒருவரால்தான் முடியும். போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பும் சிப்பாயைப் பற்றிய 'சாம் ஸ்டோன்' பாட்டும் அப்படித்தான். அதில் கோஷம் எதுவும் கிடையாது. அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1970ல் சிகாகோவின் ஒரு சின்ன கிளப்பில் அவர் பாடியதைக் கேட்டு முதலில் எழுதியவர் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட். பிறகு பாடகரும் நடிகருமான கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் கேட்டார், 1971ல் முதல் ஆல்பம் வந்தது. அதில் 'பாரடைஸ்' என்ற பாட்டு, குடும்பத்தின் பூர்வீக ஊரைப் பற்றியது. சுற்றிலும் நிலத்தைத் தோண்டி நிலக்கரி எடுத்து, பக்கத்தில் அனல்மின் நிலையமும் வந்த பிறகு, 1967ல் அந்த ஊரே இல்லாமல் போனது. ஒலிநாடாவை அப்பாவிடம் போட்டுக் காட்டியபோது, அவர் பக்கத்து அறையில் இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டு கேட்டாராம், காசு போட்டால் பாட்டு போடும் ஜூக்பாக்ஸில் பாடுவதுபோல இருக்கட்டும் என்று. ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அப்பா இறந்துவிட்டார்.

பெரிய கம்பெனிகளோடு பத்து வருடம் ஓடியது. அப்புறம் 1981ல் மேனேஜர் அல் பனெட்டாவோடு சேர்ந்து 'ஓ பாய்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையிலேயே துணிச்சலான முடிவு இதுதான் என்பேன். ரசிகர்கள் அடுத்த ஆல்பத்துக்குத் தபாலில் முன்பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் அது உருவானது. பலரிடம் சிறுகச் சிறுகத் திரட்டும் கூட்டநிதி என்ற பேச்செல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்னால்! அதற்குப் பிறகு யாருக்காகவும் அவசரப்பட்டு எழுத வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

1998ல் கழுத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு குரல் இறங்கி, கரகரத்துப் போனது. பலர் பழைய குரலுக்காக ஏங்குகிறார்கள். எனக்கோ அந்தக் கரகரத்த குரல்தான் உயிர். இளைஞனாக எழுதிய முதுமைப் பாட்டுக்கு ஏற்ற தொண்டை அப்போதுதான் அமைந்தது. 2013ல் நுரையீரலிலும் புற்றுநோய். மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே கிட்டாரை எடுத்துப் பாடிப் பழகி, மேடைக்குத் திரும்பினார். 2018ல் வந்த 'தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்' அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் ஐந்தாம் இடம். அவருடைய எந்த ஆல்பமும் அதற்கு முன் அவ்வளவு உயரம் போனதில்லை, அதுவும் எழுபதைத் தாண்டிய வயதில்.

இரண்டு புற்றுநோயைத் தாண்டியவரை 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனா கொண்டுபோனது. வயது 73. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதுவரை கேட்காதவர்கள் 1971 ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து, கடைசிக் காலத்து மேடைப் பதிவு ஒன்றில் அதே 'ஹலோ இன் தேர்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். எந்தக் குரல் உங்களுக்குப் பிடித்தது என்று கீழே எழுதுங்கள், பேசுவோம்.